கருவாட்டுப் பாக்கெட்டுக்குப் பேடன்ட்டா, டிரேட்மார்க்கா?

கடலோரம்:
தங்கச்சிமடத்தில் மகளிர் குழுவாக நெத்திலி, வாளைக் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறோம். பெயர் ‘பாம்பன் கருவாடு’. லேபிள் படம் வெளியே ஒருவரிடம் வரைந்து வாங்கியது. சூரிய உலர்த்தியில் காற்றுப் போகும் வழியை மாற்றியிருக்கிறோம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பேடன்ட் எடுக்கலாமா?

முத்திரை:
முடியாதுங்க. பேடன்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்கான உரிமை, அதனால் உலர்த்திக்கு மட்டும்தான். பெயர் டிரேட்மார்க்கில் (வணிகக் குறி) வரும், படம் காப்பிரைட்டில் (படைப்புரிமை).

முதலில் உலர்த்தியைக் கவனியுங்கள். அதன் அமைப்பை யூடியூபிலோ கண்காட்சியிலோ காட்டிவிட்டால் ‘புதியது’ என்ற தகுதியே போய்விடும். இன்னும் காட்டவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கம்) உடனே விண்ணப்பியுங்கள். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். உரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. மண்டபம் பக்கம் வளர்க்கும் காப்பாபைகஸ் பாசியைப் பச்சையாகப் பிழிந்து, சாற்றை உரமாகவும் சக்கையைக் காராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளுக்கும் எடுக்கும் முறைக்கு பவநகர் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம் பேடன்ட் வாங்கியது இந்த வகைதான். காலங்காலமாக உப்புப் போட்டு உலர்த்தும் முறைக்குக் கிடைக்காது, அது மரபறிவு. உங்கள் உப்பு அளவை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

சேதுக்கரை:
பெயரில்தான் பெரிய சிக்கல். ‘பாம்பன்’ ஊர், ‘கருவாடு’ சரக்கு. இரண்டும் எல்லாருக்கும் பொது என்று டிரேட்மார்க் சட்டப் பிரிவு 9-இல் ஆட்சேபம் வரும். ஊரையும் சரக்கையும் சொல்லாத தனிப்பெயர் ஒன்றைப் பிடியுங்கள். டிரேட்மார்க்கைச் சரக்கு வகுப்புவாரியாகப் பதிவார்கள்; கருவாடு 29-ஆம் வகுப்பு. பின்னால் கருப்பட்டியும் விற்பதாக இருந்தால் அது 30, கட்டணம் தனி. உத்யம் சான்று (சிறு தொழில் பதிவு) இருந்தால் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், இல்லையென்றால் 9,000. தனி ஒரு உறுப்பினர் பெயரில் போடாதீர்கள். அவர் விலகினால் பெயரும் அவரோடு போய்விடும். பதிவாகும்வரை டிஎம் குறி போடலாம். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ஆர் போட்டால் அது குற்றம்.

முத்திரை:
படத்துக்குப் பணம் கொடுத்தாச்சு என்பது போதாது, வரைந்தவரிடம் உரிமை மாற்று ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான் செல்லும்.

கடலோரம்:
முண்டு மிளகாய் போட்ட நெத்திலிப் பொடியும் உண்டு. அதை லேபிளில் எழுதலாமா?

சேதுக்கரை:
ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தனியார் சொத்தல்ல, அந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பொது. அதை உங்கள் டிரேட்மார்க்காகக் கேட்க முடியாது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற விவசாயியிடம் வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கருவாடு விற்ற பழைய பில்களையும் எடுத்து வையுங்கள். லேபிள் படத்தையும் லோகோவாகப் பதியப்போகிறீர்கள் என்றால், எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதும்போது பிரமாணப் பத்திரத்தோடு அவற்றைத்தான் இணைக்க வேண்டும்.