மறு: பெயர் சொல்லாத சான்றுக்கு ஒரு சொல் – ‘மொட்டைச்சான்று’

குழுவினருக்கு வணக்கம். யார் என்று சொல்லாமல் “நிபுணர்கள் சொல்கிறார்கள்” என்று காட்டும் சான்றுக்கு நம் சொற்பட்டியலில் சேர்க்க ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை நீங்கள் எழுதிய யோசனைகளை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன். கூடலூரிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிக் கூடலூர் இல்லை, குமுளி மலைக்குக் கீழே இருக்கும் தேனி மாவட்டத்துக் கூடலூர்.

> ‘செவிவழிச் சான்று’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சட்டத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது.

ஐயா, அதில் எனக்கு உடன்பாடில்லை. “எங்க மாமா சொன்னார்” என்பதும் செவிவழிதான், ஆனால் அங்கே மாமா இருக்கிறார். போய்க் கேட்கலாம். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொன்னது, கண்டவரே, கேட்டவரே வந்து சொல்ல வேண்டும் என்பதற்காக. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. “நிபுணர்கள் சொல்லிட்டாங்க”, “விவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க”, “ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க” – இவற்றில் போய்க் கேட்க ஆளே இல்லை.

செவிவழிச் செய்திக்கு நம் மொழி ஒரு சின்ன ஒட்டு வைத்திருக்கிறது. “டேம்ல தண்ணி 142 அடி ஆயிருச்சாம்” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், ‘நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்ற ஒப்புதல் அந்த ‘ஆம்’முக்குள் இருக்கிறது. மலையேறினால் மலையாளத்தில் அந்த வேலையை ‘அத்ரே’ செய்கிறது, தெலுங்கில் ‘அட’. அது நேர்மையான பேச்சு. “நிபுணர்கள் சொல்லிட்டாங்க” என்பவர் அந்த ‘ஆம்’மைக் கழற்றி வைத்துவிடுகிறார். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பொதுவாக ஊர்ப்பேச்சைச் சொல்லும்போது “சொல்றாய்ங்க” என்போம். பேசுகிற விஷயத்துக்கு எடை வேண்டும் என்று நினைத்த உடனே அது “சொல்றாங்க” ஆகிவிடும். எழுவாய் இல்லாமலே தமிழ் வாக்கியம் நிற்கும் என்பதால், ஆளைக் காட்டாமல் வெறும் விகுதியிலேயே மரியாதையை ஏற்றிவிட முடிகிறது.

இதன் விலையை நான் பார்த்தது 2011 கடைசியில். முல்லைப் பெரியாறு அணையை வைத்துத் தமிழ்நாடு, கேரளம் என இரண்டு பக்கமும் கொதித்துக்கிடந்த நாட்கள் அவை. குமுளிப் பாதை அடைபட்டது. விடியலில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், என் அம்மாவும்தான். அந்தப் பக்கம் “விதக்தர் பறயுன்னு, டாம் பொட்டும்” (நிபுணர்கள் சொல்கிறார்கள், அணை உடையும்) என்றார்கள். இந்தப் பக்கம் “ஆயிரம் வருஷம் நிக்கும்னு வெள்ளைக்காரனே சொல்லியிருக்கான்” என்றார்கள். எந்த விதக்தர், எந்த வெள்ளைக்காரன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். 1886இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் போட்ட குத்தகைப் பத்திரத்தில் 999 ஆண்டு என்று இருக்கிறது. அது நீருக்கும் நிலத்துக்குமான குத்தகைக் காலம், சுவரின் ஆயுள் இல்லை. 1895இல் முடிந்த அணைக்கு அந்த எண்ணை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள் என்பதே என் ஊகம்.

இந்த அணை குறித்து உச்ச நீதிமன்றம் அமர்த்திய குழு, நீதியரசர் ஆனந்த் தலைமையில், 2012இல் அறிக்கை கொடுத்தது. அதை ஏற்கலாம், மறுக்கலாம், வரிக்கு வரி கேள்வி கேட்கலாம். ‘விதக்த’ரையும் ‘வெள்ளைக்கார’னையும் மறுக்க வழியே இல்லை. இந்த வேறுபாட்டை ஒரே சொல்லில் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

> ‘என்ப’ (என்று சொல்வர்) என்பதிலிருந்து ஆக்கலாம். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘முப்பஃ தென்ப’ என்று வருகிறதே? ‘என்மனார் புலவர்’ வேறு எத்தனை இடத்தில்!

அக்கா, படித்ததும் மகிழ்ந்தேன், பிறகு தயங்கினேன். அங்கே ‘புலவர்’ என்றால் இலக்கணம் கற்றோர் மரபு. எழுத்து முப்பது என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சரிபார்க்க முடிகிற கூற்றுக்கும் முடியாத கூற்றுக்கும் ஒரே பெயர் வேண்டாமே.

ஆங்கிலத்தில் இதற்கு மரநாய் போன்ற ஒரு விலங்கின் பெயர் (weasel words) இருப்பதால் அப்படியே பெயர்த்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அந்த விலங்கு முட்டையின் உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் முட்டை ஓட்டை மட்டும் விட்டுவைக்கும் என்ற அவர்கள் ஊர் நம்பிக்கை தெரியாதவருக்கு அச்சொல் ஒன்றும் சொல்லாது.

நான் முன்வைப்பது ‘மொட்டைச்சான்று’. பெயர் போடாமல் வருவதை ‘மொட்டைக் கடுதாசி’ என்று எல்லோரும் சொல்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. “மொட்டையாச் சொன்னா எப்படி? யாரு என்னன்னு விவரமாச் சொல்லு” என்பதும் வீட்டுப் பேச்சில் உண்டு. மதுரையில் மேலே நிலைகள் எழும்பாமல் நெடுங்காலம் நின்ற வடக்குக் கோபுரத்துக்கு இன்றும் மொட்டைக் கோபுரம் என்றே பெயர். அடித்தளம் பெரிதாக இருக்கும், தலை இருக்காது. நம் சான்றும் அப்படித்தான்.

> கொச்சையாக இருக்கிறது. ‘பெயரிலிச் சான்று’ கண்ணியமாக இருக்குமே?

‘பெயரிலி’ நல்ல சொல். ஆனால் அது பெயரை மறைத்துக்கொண்ட ஓர் ஆளைக் குறித்துப் புழங்கிவிட்டது. ‘பெயரிலிச் சான்று’ என்றால், அச்சத்தால் பெயர் சொல்லாத ஒரு உண்மையான சாட்சியையும் அது இழுத்துக்கொள்ளும். செய்தியாளரிடம் பேசும் அந்த மனிதர் இருக்கிறார், செய்தியாளருக்கு அவரைத் தெரியும். அவருக்கு இந்தக் களங்கம் வரக் கூடாது. போடி ஏல விற்பனை மையத்துக்கு ஏலக்காய் கொண்டுபோகும் ஒரு சிறு விவசாயியிடம் “வெளிநாட்டுல ஆர்டர் இல்லைன்னு பெரிய இடத்துல பேசிக்கிறாங்க” என்று சொல்லி விலையைக் குறைக்கிறவர் காட்டுவதுதான் மொட்டைச்சான்று. அதைக் கேட்டு நிற்கிறவருக்கு வாயில் வரும்படியான சொல்லாக இருக்க வேண்டும். “இது மொட்டைச்சான்று, ஆளைச் சொல்லு” என்று அவர் சொல்ல முடியும். கொச்சை என்று ஒதுக்கினால் அந்த வசதி போய்விடும்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

மொட்டைச்சான்று (பெ.) – கூற்றுக்கு வலுச்சேர்க்க, அடையாளம் காண முடியாத வல்லுநர், பெரியோர், ஆய்வு முதலியவற்றைச் சுட்டுதல். வினை: மொட்டைச்சான்று காட்டு.

‘காட்டு’ பொருந்துமா, ‘சொல்’ போதுமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.