ஜெர்மன் கார் வைத்திருக்கிற மதுரைக்காரர்களே, உள்ளதைச் சொல்லுங்கள்

கே.கே.நகர், மளிகை மொத்த வியாபாரி:

2020 கடைசியில், ஊரே கொரோனா பயத்தில் இருந்தபோது, ஆறு வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் டீசல் செடானை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். சென்னையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது, 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. புதிதாக அரைக் கோடிக்குப் பக்கத்தில் விற்ற வண்டி எனக்கு 14 லட்சத்துக்குப் படிந்தது. “அதே காசுக்குப் புது ஹோண்டா சிட்டி வருமே மாமா” என்றான் மச்சினன். அவன் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டேன்?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினால் தகரச் சத்தம் வராது. கடையில் நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு ‘தொம்’. அம்மாவுக்கு முதுகுவலி. பஸ்ஸில் சென்னைக்குப் போனால் திருச்சி வருவதற்குள் நாலு தடவை எழுந்து நிற்பார். இந்த வண்டியில் மதுரையில் ஏறியவர் விக்கிரவாண்டியில்தான் கண் விழித்தார். வண்டிக்கு நான் கொடுத்த காசில் பாதி அன்றைக்கே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

மீதிப் பாதியைப் பற்றித்தான் கேட்க வந்தேன். 2022இல், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, குடும்பமாகக் கொடைக்கானல் கிளம்பினோம். வாடிப்பட்டி தாண்டியதும் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, இன்ஜினை நிறுத்தச் சொல்லி. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஒரு மாதிரி இனிப்பு வாடை. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் மொத்தமும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், கழுத்தில் ஒடிந்திருந்தது. உடைந்த துண்டை எடுத்து விரலால் அமுக்கினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அரைக் கோடி ரூபாய் வண்டிக்குள் இப்படி ஒரு சாமானா என்று அந்த வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் முறுக்கு தின்று கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழாயின் விலை 3,400 ரூபாய். அதைத் தொடுவதற்கு மேலே இருக்கிற பத்து சாமானைக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டிய கூலி, கூலன்ட், ரெகவரி வண்டி எல்லாம் சேர்த்து 41,000. குழாய் வந்து சேர ஒன்பது நாள். அதற்கப்புறம் சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போனது, ஒரு ஹெட்லைட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது, எலி ஒயரைக் கடித்தது. எலி செய்த வேலைக்கு ஜெர்மன்காரனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒயரிங் செட்டுக்கு அவன் வைத்திருக்கிற விலைக்குச் சொல்வேன்.

வாங்கியதிலிருந்து இதுவரை செய்த செலவை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் வண்டி மட்டும் இப்படியா, இல்லை ஜெர்மன் தரம் என்கிற பேச்சே வெறும் பேச்சுதானா?

மேலூர், விவசாயி:

எனக்கு ஜெர்மன் கார் எல்லாம் இல்லை. ஆனால் என் சகலை வைத்திருக்கிறார். அதை நத்தம் ரோட்டிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த பொலேரோ என்னுடையது. இழுத்து வந்தபோதும் உள்ளே சீட் ரொம்ப சொகுசாக இருந்ததாகச் சொன்னார்.

புதூர், மெக்கானிக்:

மளிகைக்கடை அண்ணே, உங்கள் வண்டி மட்டும் அப்படி இல்லை. 14 வருடமாக இந்த மாதிரி வண்டிகள்தான் பார்க்கிறேன். நீங்கள் கையில் எடுத்து நொறுக்கிய மாதிரிக் குழாய்கள் என் பட்டறையில் ஒரு பக்கெட் நிறையக் கிடக்கின்றன.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. வண்டியை வாங்கியபோது அதற்கு வயது ஆறு, குழாய் உடைந்தபோது எட்டு. இன்ஜின் சூடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அந்தப் பிளாஸ்டிக்கின் ஜீவன் போய்விடும். இதெல்லாம் உடைந்த பிறகு மாற்றுகிற சாமான் இல்லை, உடைவதற்கு முன்னால் மாற்றுகிற சாமான். தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர் பம்பு, கூலன்ட் டப்பா, ஹோஸ் எல்லாம் ஒரே சாதிதான். நம் ஊர் வெயிலுக்கு நான் ஏழாவது வருடத்திலேயே மொத்தமாக மாற்றிவிடச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. “ஓடுகிற வண்டியை எதுக்குத் தம்பி பிரிக்கணும்?” என்பார்கள். அம்பாசிடர் வைத்திருந்தவர்களின் புத்தி அது. உடைந்தால் வழியிலேயே ஒரு பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு போகலாம் என்கிற தைரியம். போதாக்குறைக்குக் கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் போன ரேடியேட்டரைப் பிரித்தால், பழைய குளியலறைக் குழாய் மாதிரி வெள்ளையாக ஏடு கட்டியிருக்கும்.

கியர்பாக்ஸ் ஆயில் கதை இதைவிட மோசம். வண்டிப் புத்தகத்தில் ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று இருக்கும். யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்காது. நிறைய ஜெர்மன் கார்களில் இருக்கிற எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்கிற இசட்.எஃப். கம்பெனியே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனர் ஐந்து வருடத்தில் விற்றுவிடுவார், அவருக்கு அந்தச் செலவே வராது. வருவது உங்களுக்கு. அண்ணே, உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றியாகிவிட்டதா?

குறை அவர்கள் பக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு கம்பெனியின் இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயினைப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். செயின் தளர்ந்தால் முன்னாலிருந்து கை வைக்க வழியே இல்லை, இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். இதைத் தரம் என்று நான் எப்படிச் சொல்வது? வரைந்தவன் பட்டறையில் ஒரு நாளாவது குனிந்து வேலை பார்த்திருக்க மாட்டான்.

ஜெர்மன் காருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை வேறு வண்டிகள். கிரீஸில் ஒருவர் டாக்சியாக ஓட்டிய 1976ஆம் வருடத்து மெர்சிடிஸ் 240 டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு 2004இல் கம்பெனி மியூசியத்துக்குப் போனது. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. அந்த வண்டி சம்பாதித்த பேரைக் காட்டித்தான் இன்றைக்கு விற்கிறார்கள்.

திருமங்கலம், ஆக்டிங் டிரைவர்:

மாதத்தில் ஏழெட்டு விதமான வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் இரண்டு சம்பவம்.

கொட்டாம்பட்டிக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவில், ராத்திரி இரண்டு மணி. நடுத்திட்டு அரளிச் செடிக்குள்ளிருந்து ஒரு மாடு இறங்கியது. அப்போது வேகம் நூறுக்கு மேலே. பிரேக்கை முழுசாக மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று துடித்தது, ஆனால் வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. மிதித்த கால் மிதித்தபடி இருக்கவே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், திரும்பியது. மாட்டின் வால் கண்ணாடியில் பட்டது என்றே நினைக்கிறேன். பின்சீட்டில் இருந்த அம்மா, “என்னப்பா, ஸ்பீட் பிரேக்கரா?” என்று கேட்டார். வேறு சில வண்டிகளில் அந்த இடத்தில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். இப்போது எல்லாப் புதுக் காரிலும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வேகத்தில் வண்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததே, அது வேறு.

இன்னொன்று சாத்தூரில். டயரில் காற்று இறங்குகிறது என்று எச்சரிக்கை வந்தது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே கிடையாது. ரன்ஃபிளாட் டயராம், காற்று இல்லாமலேயே 80 வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் ஓடும் என்றார் முதலாளி. சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். சாத்தூரிலிருந்து மதுரை எழுபதுக்கு மேல். ஐம்பதில் உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் எண்ணிக்கொண்டு வந்தேன். சொன்ன சொல் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது. காலையில் பஞ்சர் கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல நான் கை வைக்க மாட்டேன்” என்றார். புது டயர் 24,000. ஒரு ஸ்டெப்னியை மிச்சம் பிடித்து என்ன கண்டார்களோ.

திருப்பரங்குன்றம், மெக்கானிக்கல் இன்ஜினியர்:

தரம் என்ற ஒரே சொல்லில் நாலைந்து விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கதவின் ‘தொம்’ ஒன்று. மாட்டைத் தப்பிய பிரேக் ஒன்று. எட்டு வருடம் பழுதாகாமல் ஓடுவது முற்றிலும் வேறொன்று. மூன்று வருடம் ஓடிய வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை பிரச்சினை என்று அமெரிக்காவில் ஜே.டி.பவர் என்ற ஆய்வுக் கம்பெனி எண்ணுகிறது. அதில் 2023, 2024, 2025 மூன்று வருடமும் முதலிடம் ஜப்பானின் லெக்சஸுக்கு. ஆனால் அதே லெக்சஸை ஓட்டிவிட்டு வந்தவர்களில் சிலர், ஜெர்மன் வண்டியின் ஸ்டீயரிங் இதில் இல்லை என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

இன்னொரு விஷயம். நாம் ஜெர்மன் கார் என்று சொல்வதில் பெரும்பாலானவை இங்கே பூட்டப்பட்டவை. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில், மெர்சிடிஸ் புனே பக்கம் சாக்கனில், ஆடி அவுரங்காபாத்தில். பூட்டுகிற கை நம் கை, அதில் குறை ஒன்றும் இல்லை. பெட்டி பெட்டியாக வருகிற பாகமும் வரைபடமும்தான் அவர்களுடையவை.

நம்பிக்கை என்று வந்தால் 2015 செப்டம்பரை மறக்க முடியாது. புகைச் சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்கிற மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் டீசல் வண்டிகளில் வைத்திருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கு மேல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் பாடம் நடத்துகிற வாத்தியார் மாதிரி. அந்தச் செய்தி வந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். ஜெர்மன் இன்ஜினியரிங் என்று வகுப்பில் உருகி உருகிச் சொன்ன புரொபசர் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரையே பெருமைக்காக வந்ததில்லை. 1887இல் பிரிட்டிஷ்காரர்கள் சட்டம் போட்டு, வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாடு என்று எழுத வைத்தார்கள். ஜெர்மன்காரன் மட்டமான போலிச் சரக்கை அனுப்புகிறான், மக்கள் பார்த்து ஒதுக்கட்டும் என்று. ஒதுக்குவதற்காக வைத்த பெயரைத் தேடி வாங்குகிற பெயராக மாற்றிக் காட்டினார்களே, அதற்குத் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

சிவகாசி, அச்சகம்:

ஜெர்மன் சாமானைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கும் உரிமை உண்டு. அப்பா 1978இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஹைடல்பர்க் டிரெடில் அச்சு மெஷின் இன்றைக்கும் என் பிரஸ்ஸில் ஓடுகிறது. அந்த மாடலைக் கம்பெனியே 1985இல் நிறுத்திவிட்டது. அச்சு அடிப்பதை ஆஃப்செட்டுக்கு விட்டுவிட்டோம். இது பில் புத்தகத்துக்கு நம்பர் போடும், அட்டைக்கு மடிப்புக் கோடு போடும். காகிதத்தை எடுத்து வைக்கிற அந்த இரண்டு கை சுழல்வதை என் பேத்தி மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் ஒன்று. காலையில் எண்ணெய் விடாமல் அதன் ஸ்விட்சை அப்பா போட விட்டதில்லை. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்ட பிறகு ஊரே ராத்திரி பகலாக ஓடும். அப்போதும் விட்டதில்லை. மெஷின்மேன் லீவு என்றால் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எண்ணெய்க் கேனைத் தூக்குவார். நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது ஜெர்மன் இரும்பினாலா, அப்பாவின் கேனாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே பழக்கத்தில் என் ஜெர்மன் காருக்கும் கம்பெனி சொன்ன 15,000 கிலோமீட்டர் வரை போகாமல் 8,000லேயே ஆயில் மாற்றிவிடுகிறேன். 1,38,000 ஓடியிருக்கிறது, ரோட்டில் ஒரு தடவைகூட நின்றதில்லை. செலவு? இருக்கிறது. கணக்குப் பிள்ளையிடம் பிரஸ் மெயின்டனன்ஸ் என்று எழுதச் சொல்லிவிடுவேன்.

கே.கே.நகர், மளிகை மொத்த வியாபாரி:

எல்லோருக்கும் நன்றி. புதூர் தம்பி கேட்ட கேள்வி ராத்திரி தூங்க விடவில்லை. பில் கட்டு மொத்தத்தையும் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். டாக்டர் காலத்திலும் இல்லை, என் காலத்திலும் இல்லை. 1,09,000 கிலோமீட்டர், கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தடவைகூட மாறவில்லை. நேற்று அந்தத் தம்பி பட்டறைக்கே கொண்டுபோனேன். வடிந்தது காய்ச்சின நல்லெண்ணெய் நிறத்தில் இருக்கும் என்று நினைத்தேன். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக, கருகின வாசனையோடு வந்தது. ஆயில் வடிகட்டி, கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தேதான் வருமாம், தனியாகக் கிடைக்காதாம். இன்னும் ஓட்டலாம், பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்.

சாயங்காலம் ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சின்னதாக ஒரு உலுக்கல் இருக்குமே, அதை நான் இத்தனை நாளும் வண்டியின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காணவில்லை.

பில் 46,500. வீட்டில் 16,500 என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள், முக்கியமாக மச்சினன், தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.