படிக்காத புத்தகங்கள் 62, இந்த வருடத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி:
அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது எண்ணிப் பார்த்தேன், வாங்கி இன்னும் தொடாமலே இருப்பவை 62. இருந்தும் போன மாதம்கூட மூன்று வாங்கிவிட்டேன். இந்த வருடம் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஆசை. வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நடக்குமா?

பதில் 1:
வாரம் ஒன்று படித்தாலும் 52தானே ஆகிறது. புத்தகக் கணக்கை விட்டுவிட்டுப் பக்கக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 20 பக்கம் என்றால் வருடத்துக்கு 7,300 பக்கம், அதாவது 300 பக்கப் புத்தகங்கள் சுமார் 24. உங்கள் குவியலுக்கு இரண்டரை வருடம் ஆகும், அதில் தப்பே இல்லை. நான் வருடத்துக்கு 18 மட்டும் தேர்ந்தெடுப்பேன், மீதி இடத்தைக் காலியாக விடுவேன், ஏனென்றால் நடுவில் யாராவது ஒரு நல்ல புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பதில் 2:
முதலில் குவியலைக் குறையுங்கள். ஒவ்வொன்றிலும் 30 பக்கம் படித்துப் பாருங்கள், உள்ளே இழுக்காவிட்டால் விரும்பும் யாருக்காவது கொடுத்துவிடலாம். பத்து வருடத்துக்கு முன் வாங்கியபோது இருந்த ஆர்வம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம். அப்புறம், இரண்டு முடித்தால்தான் ஒன்று வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது ஒன்றுதான் பலித்தது.

பதில் 3:
வாங்கிப் படிக்காமல் அடுக்கி வைப்பதற்கு ஜப்பானிய மொழியில் ‘சுந்தோக்கு’ என்று தனிச் சொல்லே இருக்கிறது, அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். தடிமனான ஒன்றைக் காலையிலும் சிறுகதையோ கவிதையோ இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள், சலிப்பு வராது.

கேள்வி கேட்டவர்:
சரி, 18 என்றே வைத்துக்கொள்கிறேன். இன்று இரவே 30 பக்கச் சோதனையைத் தொடங்குகிறேன்.