மிசா கைதி அப்பாவின் கதை: பதிப்பகத்துக்கா, சொந்தச் செலவிலா?

மேலவீதி: 1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட கையோடு அப்பாவை மிசாவில் (விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் நெருக்கடி நிலைக் காலச் சட்டம்) பிடித்துப் போனார்கள். அவர் உள்ளே இருந்த ஓராண்டை அம்மா எப்படித் தள்ளினார் என்பதுதான் என் புத்தகம். எட்டிக்கூடப் பார்க்காத கட்சிக்காரர்கள் பெயரோடு வருகிறார்கள். அந்த இரண்டு அத்தியாயங்களை எடுத்துவிட்டால் போடுகிறோம் என்கிறது ஒரு பதிப்பகம். நானே போட்டுவிடலாமா?

பழையபேப்பர்: தாராளமாக. 2014இல் இந்து மதம் பற்றிய வெண்டி டோனிகர் நூலைக் கோர்ட்டா தடை செய்தது? பெங்குவின் இந்தியாவே எதிர்த்தரப்போடு சமரசம் பேசித் திரும்பப் பெற்றது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அவ்வளவுதான் தெம்பு. பத்திரிகையாளர் ராணா அயூப் 2016இல் ‘குஜராத் ஃபைல்ஸ்’ நூலைத் தானே போட்டார், விற்கவில்லையா? ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) இங்கே இலவசம், நூறு பிரதி மட்டும் அடிக்கவும் அச்சகம் உண்டு.

மெய்ப்பு: அச்சடிப்பதில் என்ன கஷ்டம்? அதற்கு முன்னால் யார் படிப்பார்கள்? இதே மாதிரி சொந்த வெளியீடு ஒன்று திருத்தத்துக்கு என்னிடம் வந்தது, அதுவும் முதல் பதிப்பு விற்ற பிறகு. ஓர் இடத்தில் அப்பா 1975 டிசம்பரில் கைதாகிறார், இன்னோர் இடத்தில் ஆட்சி கலைந்த மறுநாள். கலைந்தது 1976 ஜனவரி 31. இப்படி ஒரு தேதி தப்பினால் போதும், பெயர் சொல்லப்பட்டவர்கள் முழுப் புத்தகமும் பொய் என்பார்கள். சிறு பதிப்பகம் தேடுங்கள். 1984இல் காளி ஃபார் விமன் என்ற பெண்ணியப் பதிப்பகத்தைத் தொடங்கியது இரண்டே பெண்கள்.

பழையபேப்பர்: மெய்ப்பு சார், அந்தச் சிறு பதிப்பகம் நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) யார் வாசலில் நிற்கிறது? ஆட்சியில் இருப்பவர்களை முறைத்துக்கொள்ளுமா?

கறுப்புக்கோட்டு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நக்கீரன் ஆசிரியர் வழக்கில் (ஆட்டோ சங்கர் சுயசரிதை, 1994) உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அதிகாரிகள் ஒரு நூலை முன்கூட்டியே தடுக்க முடியாது. ஆனால் பொது ஆவணத்தில் இல்லாத குடும்ப, திருமண விவகாரத்தைச் சம்மந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எழுதினால், எழுதியவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்சிக்காரர் வீட்டுக்கு வராததை எழுதுங்கள். அவர் வீட்டுச் சண்டை எதற்கு? இறந்தவர்தானே என்றும் இருக்காதீர்கள். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அதுவும் அவதூறுதான், இரண்டாண்டு வரை சிறை. நீங்களே போட்டால் ஆசிரியர், வெளியிட்டவர் இரண்டு பெயரும் உங்களுடையது.

பழையபேப்பர்: பதிப்பகம் போட்டால் மட்டும்? ‘வழக்கு வந்தால் ஆசிரியரே பொறுப்பு’ என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறதே.

கறுப்புக்கோட்டு: இருக்கிறது. அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மேலவீதி: வீட்டுச் சண்டை எதுவும் இல்லை. ஜாமீனுக்கு வழியில்லை என்று தெரிந்தும் அம்மா வக்கீல் வீட்டுக்கு நடந்தது, அந்த வக்கீல் ஃபீஸ் வாங்காதது, கடைக்காரர் கடனை நிறுத்தியது, இவைதான். அத்தியாயங்களை எடுக்க மனம் வரவில்லை. சொந்தமாகத்தான் போடப் போகிறேன், எடிட்டர் வைத்து.

மெய்ப்பு: சரி, எடிட்டருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் அட்டைப்படத்துக்கும் வெளியீட்டு விழா மண்டபத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் பார்க்கலாம் சார் என்கிறார்கள்.