ரூட் கடவுச்சொல்லை இமேஜுக்குள் வைக்கலாமா, பயனர் எண்களை யார் தீர்மானிப்பது?

மீன்கரைச்சாலை:

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரை உள்ள பால் சங்கங்களில் எங்கள் பதிவுக் கருவிகள் நாற்பத்து மூன்று ஓடுகின்றன. தராசும் கொழுப்பு அளக்கும் எந்திரமும் தரும் எண்களை வாங்கி, உறுப்பினர் கணக்கில் சேர்த்து, சீட்டு அச்சடித்துத் தருவதே அவற்றின் வேலை. உள்ளே ஓடுவது, கருவிக்கென்றே லினக்ஸைக் கட்டித்தரும் யோக்டோ என்ற கருவித்தொகுப்பில் நாங்கள் கட்டிய லினக்ஸ். சென்ற மாதம் புதிய இமேஜை (கருவியில் பதியும் முழு மென்பொருளை) அனுப்பிய மறுநாள் விடியற்காலையில், பால் கேன்களோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு கருவியிலும் பதிவு விழவில்லை. செயலர்கள் பழைய பேரேட்டை எடுத்து மலையாளத்தில் எழுதத் தொடங்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் எங்களைத் தமிழில் திட்டினார்கள்.

காரணம் இதுதான். ஒவ்வொரு நிரலும் ஒரு பயனர் கணக்கில் ஓடும்; கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் அந்தப் பயனரின் எண்ணால்தான் குறித்துவைக்கும். முந்தைய இமேஜில் எங்கள் பதிவு நிரலின் பயனருக்கு 997 என்ற எண் அமைந்திருந்தது. புதிய இமேஜில் நேரத்தைச் சரிசெய்யும் குரோனியைச் சேர்த்தோம். கணினிப் பயனர்களுக்கான எண்கள் 999இல் தொடங்கிக் கீழிறங்கி, தொகுப்புகள் நிறுவப்படும் வரிசைப்படி வழங்கப்படுவதால், 997 குரோனிக்குப் போய் எங்கள் நிரல் 996க்கு இறங்கிவிட்டது. ஆனால் இமேஜ் மாறினாலும் அழியாத தரவுப் பகிர்வில் (சேமிப்பகத்தில் தனியே பிரித்த பார்ட்டிஷனில்) உள்ள கோப்புகள் 997 என்ற எண்ணையே சுமந்திருந்தன. ஆக, ஊர்ப் பால் கணக்குக்கெல்லாம் கடிகாரக்காரன் உரிமையாளன் ஆகிவிட்டான்.

கருவி தொடங்கும்போதே, கோப்பின் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையால் தரவுக் கோப்புறை முழுவதையும் எங்கள் பயனருக்கு மாற்றிவிடும் ஒரு சேவையைச் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன். மூன்று பேர் கொண்ட கடைக்கு இது போதும் என்பது என் கருத்து. கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு எல்லாக் கருவிகளிலும் ஒரே கடவுச்சொல்தான், அதுவும் இமேஜிலேயே இருக்கிறது. அது இல்லாமலிருந்தால் அன்று காலை எங்கள் பையன் ஒரு கருவியைக்கூடத் திறந்திருக்க முடியாது. இரண்டிலும் தவறு காண்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆரணியாறு:

அண்ணா, இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் சௌன். உங்கள் கருவியில் இரண்டு இமேஜ் பகிர்வுகள் இருந்து, புதியது சரியாகத் தொடங்காவிட்டால் பழையதற்குத் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால், புதிய இமேஜ் உரிமையை 996க்கு மாற்றிவிட்ட பிறகு ஏதோ ஒரு காரணத்தால் கருவி பழையதற்குத் திரும்பினால் என்ன ஆகும்? பழைய இமேஜ் 997ஐத் தேடும். உங்கள் சௌன் சேவையோ அந்த இமேஜில் கிடையாது. பழுது பார்க்கவென்று வைத்த வழியே அடைபட்டுப் போகும்.

யோக்டோவில் இதற்கு நேரான வழி இருக்கிறது. பயனர் சேர்க்கும் வகுப்போடு நிலையான எண்களுக்கான நீட்சியை இயக்கி, பயனர் பெயர்களும் எண்களும் இருக்கும் பாஸ்வேர்ட் கோப்பின் வடிவிலேயே ஒரு அட்டவணையும் குழுக்களுக்கு இன்னொன்றும் எழுதி வைத்தால், ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் கொடுத்த எண்ணே எந்நாளும் வரும். அட்டவணையில் இல்லாத பெயரோடு ஒரு தொகுப்பு வந்தால் பில்டையே, அதாவது இமேஜ் கட்டும் வேலையையே, நிறுத்தும்படியும் அமைக்கலாம்.

அடுத்தது கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல் எப்படிப் பரவியது என்பதை நினைத்துப் பாருங்கள். அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் தயாரிப்பாளரே வைத்துவிட்டுப் போன அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். தடா பக்கம் நாங்கள் செய்யும் கேட்வேகள் வெளிநாடு போகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லைக் கலிஃபோர்னியச் சட்டம் 2020 சனவரி 1 முதல் ஏற்பதில்லை, பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதற்குத் தடை.

மீன்கரைச்சாலை:

தம்பி, என் கருவி லண்டனுக்குப் போகவில்லை, வேலந்தாவளத்தைத் தாண்டினாலே அதற்குப் பெரிய பயணம். சட்டத்தை விட்டுவிட்டு வேலையைப் பேசுவோம். கடவுச்சொல்லை வெறும் எழுத்தாக நான் வைக்கவில்லை. ஷா-512 ஹாஷாகத்தான், அதாவது நேரே திருப்ப முடியாத குறியீடாகத்தான், கடவுச்சொற்களுக்கான ஷேடோ கோப்பில் இருக்கிறது. அதையும் பட்டுத்தான் கற்றேன்: பயனர் கணக்கைத் திருத்தும் யூசர்மாடுக்கு வெறும் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழைய விருப்பம் போய், ஹாஷைத்தான் தரவேண்டும் என்றானபோது, அதிலுள்ள டாலர் குறிகளுக்கு முன் சாய்கோடு போட மறந்தேன். ஷெல் பாதியை விழுங்கியது, பில்ட் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது, யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

பழைய இமேஜுக்குத் திரும்பும் ரோல்பேக் பற்றி நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அட்டவணை என்பது தீராத வேலை. யோக்டோவில் சேர்க்கும் ஒவ்வொரு லேயரும் (தொகுப்புகளின் அடுக்கும்) தனக்கொரு பயனரைக் கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் பில்ட் நிற்கும்.

தென்மலைக்காற்று:

நிற்கத்தான் வேண்டும் ஐயா. உங்கள் மேசையில் நின்றால் பத்து நிமிட வேலை; சங்கத்து வாசலில் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நான் செங்கோட்டையில் இருந்துகொண்டு, யோக்டோ போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான பில்ட்ரூட்டில் வேலை செய்பவன். எங்கள் பக்கம் பயனர் அட்டவணை என்று ஒரே கோப்பு உண்டு. பெயர், எண், குழு, கடவுச்சொல், வீட்டுக் கோப்புறை, ஷெல் எல்லாம் ஒரு வரியில் அடங்கும். அதில் எண்ணின் இடத்தில் மைனஸ் ஒன்று என்று போட்டால் பில்ட்ரூட்டே ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளும். பலரும் அந்த வசதியில் மயங்கி உங்களுக்கு நேர்ந்த இடத்துக்கே வந்து சேருகிறார்கள். ஆகவே இது யோக்டோவின் குற்றமன்று.

கோப்புரிமையில் நான் பட்ட அடி வேறு. பில்டுக்குப் பின் ஓடும் ஸ்கிரிப்டில் சௌன் எழுதிவிட்டு, இமேஜில் எல்லாம் ரூட்டுக்கே சொந்தமாக இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த ஸ்கிரிப்ட், நம்மை ரூட் போல நடிக்க விடும் ஃபேக்ரூட்டுக்கு வெளியே ஓடுகிறது. பிறகு ஃபேக்ரூட்டுக்குள் முதலில் எல்லாவற்றையும் பூச்சியத்துக்கு மாற்றி, அதன்மேல்தான் பயனர்களையும் அனுமதி அட்டவணையையும் பில்ட்ரூட் பொருத்துகிறது. ஆகவே உரிமையை அனுமதி அட்டவணையில் எழுத வேண்டும், இல்லையேல் ஃபேக்ரூட்டுக்குள் ஓடும் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். பில்ட் தன் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் டார்கெட் கோப்புறையை அப்படியே மெமரி கார்டில் படியெடுப்பவர்களுக்காக, ‘இது உன் ரூட் கோப்பமைப்பு அன்று’ என்று பொருள்படும் பெயரில் அதற்குள் ஒரு கோப்பையே வைத்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் படியெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரணியாறு:

யோக்டோவில் அந்த வேலையைச் செய்வது சூடோ. நிர்வாக அனுமதி வாங்கும் கட்டளையை நான் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடுவது நம் தலையெழுத்து. எந்தக் கோப்பு யாருடையது என்று இந்தச் சூடோ தனியே ஒரு தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டு, நிறுவும் பணிகளுக்கு மட்டும் நம்மை ரூட் போல நடிக்க விடுகிறது. ஆனால் கோப்புகளை சிபி கட்டளையால் உரிமையோடு சேர்த்துப் படியெடுத்தால், பில்ட் கணினியில் நம் கணக்குக்குள்ள 1000 என்ற எண் அப்படியே இமேஜுக்குள் போய்விடும். பில்ட் அதை எச்சரிக்கையாகக் காட்டுகிறது. அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டுப் போகிறவர்களின் கருவியில், 1000 எண்ணோடு பின்னாளில் உருவாகும் எந்தப் பயனரும் அந்த நிரல்களைத் திருத்தலாம்.

அண்ணாவின் ஹாஷுக்கு வருகிறேன். கருவியின் மெமரி கார்டை உருவி எடுப்பவன் ஒரு ஹாஷை நிதானமாக உட்கார்ந்து உடைத்தால், மற்ற நாற்பத்திரண்டும் அவனுக்குத் திறந்திருக்கும். இமேஜில் ரூட் கடவுச்சொல்லை நட்சத்திரக் குறியிட்டு மூடிவிடுங்கள். ஆச்சரியக்குறி இட்டால், பாம் என்ற நுழைவுச் சோதனை ஏற்பாடு இல்லாத ஓபன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழைய உதவும் நிரல்) அதைப் பூட்டிய கணக்காகக் கருதிச் சாவியோடு வருபவரையும் திருப்பி அனுப்பிவிடும். பிறகு எஸ்எஸ்எச் சான்றிதழ் முறைக்கு மாறுங்கள்; நீங்கள் கையொப்பமிட்ட சான்றிதழோடு வருபவரைக் கருவி உள்ளே விடும். இமேஜில் இருப்பது சான்றளிக்கும் பொதுச்சாவி மட்டுமே. உங்கள் பையன் காலையில் கிளம்பும்போது ஒரு நாள் செல்லும் சான்றிதழைக் கொடுத்தனுப்பலாம்.

மீன்கரைச்சாலை:

புத்தகத்துக்கு அழகான வழி. என் போர்டில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை தம்பி. மின்சாரம் போய் வந்து, சிக்னலும் இல்லையென்றால், அது இமேஜ் கட்டிய நாளிலேயே நின்றுகொண்டிருக்கும். இன்று கொடுத்த சான்றிதழை இன்னும் நடப்புக்கு வராதது என்று தள்ளிவிடும். சிக்னல் இல்லாத இடத்துக்குத்தானே ஆளை நேரில் அனுப்புகிறோம்!

ஆரணியாறு:

இது உண்மையான தடை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் தொலைவிலிருந்து வருவோருக்குச் சான்றிதழும், கருவியிலேயே கம்பி இணைத்து நுழையும் சீரியல் கன்சோலுக்கு மட்டும் கருவிக்கொரு கடவுச்சொல்லும் வையுங்கள். கருவியைச் சோதிக்கும் மேசையிலேயே அதை யாரும் ஊகிக்க முடியாதபடி உருவாக்கி, ஹாஷைக் கருவியிலும் அசலை உங்கள் பேரேட்டிலும் எழுதலாம். கருவிமேல் ஒட்ட வேண்டாம். பாலும் சோப்புத் தண்ணீரும் படுகிற இடத்தில் ஒட்டுச்சீட்டு நிற்காது.

தென்மலைக்காற்று:

அந்த ஹாஷை எங்கே எழுதுவீர்கள் என்பதைக் கவனியுங்கள். அமைப்புக் கோப்புகள் உள்ள எட்ஸி கோப்புறையின்மேல், மாற்றங்களை மட்டும் தனி அடுக்கில் வைக்கும் ஓவர்லே போட்டிருந்தால், மாற்றிய ஷேடோ கோப்பு மேலடுக்கில் தங்கி, அடுத்த இமேஜ் கொண்டுவரும் ஷேடோவை மறைத்துவிடும். களத்தில் யாராவது புதிய பயனரைச் சேர்த்திருந்தால் இன்னும் மோசம்: பாஸ்வேர்ட் கோப்பும் மறைந்துபோய், புதிய இமேஜின் சேவைகள் தம் பயனரையே காணாமல் விழும். நாங்கள் ஹாஷைத் தரவுப் பகிர்வில் தனிக் கோப்பாக வைத்து, தொடங்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுகிறோம். மேலடுக்கை தற்காலிக நினைவகத்தில் வைத்திருப்பதால் அணைத்ததும் அது போய்விடும்.

மீன்கரைச்சாலை:

நேற்றிரவு அட்டவணையை எழுதிவிட்டேன். புதிதாக எண்களை யோசிக்காமல், களத்திலுள்ள கருவியின் பாஸ்வேர்ட் கோப்பை எடுத்து அதையே முதல் அட்டவணையாக வைத்தேன். எங்கள் நிரலுக்கு மீண்டும் 997, குரோனிக்கு 990. ஏற்கெனவே 996க்கு மாறிவிட்ட கோப்புகளைத் திருப்ப, ஒரே ஒரு முறை ஓடும் சௌன் தேவைப்படுகிறது. அது முடிந்ததும் ஒரு குறிக்கோப்பை எழுதிவிட்டு நின்றுவிடும். பில்ட் இரண்டு முறை நின்றது. ஒரு முறை, நிரல்கள் தமக்குள் பேச உதவும் டிபஸின் பயனரை நான் விட்டுவிட்டதற்காக. இன்னொரு முறை, நாங்கள் கேட்காமலே ஒரு லேயர் கொண்டுவந்த அவாஹி என்ற சேவைக்காக. அதை இமேஜிலிருந்தே எடுத்துவிட்டேன்.

கடவுச்சொல்லில் பாதி வழி வருகிறேன். புதிதாகப் போகும் கருவிகளில் கருவிக்கொரு கடவுச்சொல், கன்சோலுக்கு மட்டும். பழைய நாற்பத்து மூன்றில் எஸ்எஸ்எச் வழியாக ரூட் நுழைவதை அடுத்த இமேஜில் மூடுகிறேன். ஆனால் பொதுக் கடவுச்சொல்லை, ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் மாற்றும்வரை கன்சோலில் விட்டுவைப்பேன். இதற்கு நீ ஒப்புக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

ஆரணியாறு:

ஒப்புக்கொள்ளவில்லைதான் அண்ணா. கன்சோல் முனைகள் பெட்டியின் வெளியே இருக்கின்றனவா, திருகைக் கழற்றினால்தான் தெரியுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மீன்கரைச்சாலை:

வெளியே இருக்கின்றன. ரப்பர் மூடி போட்டிருக்கிறோம். ஓணத்துக்கு முன் நாற்பத்து மூன்றையும் முடித்துவிடுகிறேன்.