டவுன்டிரிஃப்டுக்குக் ‘கடைமடைக் கரை’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

நம் கடலோரக் கலைச்சொல் பட்டியலில், கரையோரம் மணல் நகரும் திசையில் அடுத்து வரும் பக்கத்தைக் குறிக்கும் டவுன்டிரிஃப்டுக்கு (downdrift) அக்கா தந்த ‘கீழ்நகர்வுப் பகுதி’ எனக்கு ஒட்டவில்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு எது மேல், எது கீழ்?

அலை கரையைச் சாய்வாக அடித்தால் மணல் கரையோரமாகவே நகரும். குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தால் மணல் வரும் பக்கம் மேடு தட்டும், மறுபக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரத்தில் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான்.

அந்த ஓட்டத்தை, நீர்வரத்து மாதிரி ‘மணல்வரத்து’ என்போம். வாய்க்கால் தண்ணீர் முதலில் சேரும் வயல் தலைமடை, கடைசியில் சேரும் வயல் கடைமடை; அதுபோல மணல்வரத்து முதலில் சேரும் பக்கம் தலைமடைக் கரை, பிறகு சேரும் பக்கம் கடைமடைக் கரை. மேலே மறித்தால் கடைமடை காயும் என்று தஞ்சாவூர்க்காரருக்குச் சொல்ல வேண்டாம். சிங்கப்பூர் ஈசூனில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் ஒருமுறை சொன்னால் போதும்.

வாய்க்கால் திசை மாறாது, கடல் மாறுமே என்று ஐயா கேட்டது நியாயம். தமிழகக் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதனால் ‘ஆண்டு நிகர மணல்வரத்தின்படி’ என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல். ஈஸ்ட் கோஸ்ட் கரையே 1966இல் தொடங்கிய, கடலைத் தூர்த்த நிலமீட்பில் உருவானது. அங்கே கல்முனைகளை இடைவெளிவிட்டுப் போட்டு, நடுவே மணலைப் பிறை வடிவில் தங்கவைத்திருக்கிறார்கள். மணல் பெரும்பாலும் அந்தந்தப் பிறைக்குள்ளேயே ஊசலாடும். ஆக, கடைமடையை ஒவ்வொரு பிறைக்கும் சொல்ல வேண்டாம், கரைநீளம் முழுவதையும் பார்க்கும்போது மட்டும் போதும். பிறைக்குப் ‘பிறைக்குடா’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

2023இல் அறிவித்த, சுமார் 800 ஹெக்டேர் லாங் ஐலண்ட் நிலமீட்புத் திட்டம் இதே கரைக்கு முன்னால்தான் வரப்போகிறது. ‘எந்தக் கரை கடைமடையாகும்?’ என்று பொதுமக்கள் நாலு சொல்லில் கேட்க முடிய வேண்டும். ‘கீழ்நகர்வுப் பகுதியில் ஏற்படக்கூடிய தாக்கம்’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கலங்கல் பரவாமல் கடலில் தொங்கவிடும் துணிக்கு ‘வண்டல் திரை’ சரி. அப்புறம், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்சுவரான கிராய்னுக்குப் (groyne) புதுச்சொல் தேட வேண்டாமே. தமிழக மீனவர்களும் நாளிதழ்களும் ‘தூண்டில் வளைவு’ என்றுதான் சொல்கிறார்கள். பட்டியலிலிருந்து ‘கடல்நீட்டுச் சுவர்’ என்பதை எடுத்துவிடலாமா?