புதுப்பிப்பு: ஸ்கிட் பிளேட் போட்ட வண்டி சர்வீஸ் போய் வந்தது

இன்ஜினின் அடிப்பக்கம் அடிபடாமல் இருக்க வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீல் ஸ்கிட் பிளேட்டோடு (அடித்தகடு) வண்டியை ஆயில் மாற்ற விட்டால் கடையில் கழற்றுவார்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கழற்றினார்கள். அரை மணி நேரக் கூலி கூடுதல். அது நியாயம்தான்; அந்தத் தகட்டை ஒரு ஆள் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் போல்ட்டில் கை வைக்க முடியும்.

வீட்டுக்கு வந்து அடியில் படுத்துப் பார்த்தேன். எட்டு போல்ட்டில் ஏழுதான் இருந்தது. அந்த ஏழில் ஒன்று கோணலாக ஏறி மரையைத் தின்றிருந்தது. போல்ட்டை வேகமாக முடுக்கும் இம்பாக்ட் கன்னை வைத்து ஒரே இழுப்பாக ஏற்றியிருப்பார்கள். முதல் நாலைந்து சுற்றைக் கையால் திருகியிருந்தால் இது வந்தே இருக்காது. தகட்டின் மேல் பழைய ஆயில் வேறு தேங்கி நின்றது. இன்ஜினே கசிகிறதோ என்று பயந்துவிட்டேன். துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது.

போய்ச் சொன்னதும் சண்டை இல்லாமல் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சரிசெய்து, புது போல்ட்டும் தந்தார்கள். அடுத்த முறை தகட்டை நானே கழற்றிவிட்டுத்தான் வண்டியை விடுவேன். அப்புறம், ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் பிளக்குக்கு நேராகத் தகட்டில் ஓட்டை இருக்குமே என்று கேட்டவருக்கு: இருக்கிறது, ஆனால் ஆயில் ஃபில்டருக்குக் கை போகாது, அதனால் அதை மாற்றத் தகட்டைக் கழற்றத்தான் வேண்டும்.